கொல்லிமலைக்கு ஒரு பிழைதிருத்தம்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிக்கு இரண்டு மைல் இருக்கையில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“என்னப்பா ஆயிற்று?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க. நின்னு போச்சுங்க.”

நின்றுபோனது எனக்கே தெரிந்துதான் இருந்தது. எப்போது கிளம்பும் என்று கேட்டேன். “கெளம்புனா ஏறிக்கலாமுங்க” என்றார். இந்தப் பக்கத்தில் எந்தக் கேள்விக்கும் மரியாதையாகப் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் திருச்சியில் ‘போய்யா’ என்பார்கள், ஆனால் பஸ் போகும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிளகு வியாபாரி என் கம்பளியையும் வெந்நீர்க் குடுவையையும் பார்த்துவிட்டு, “கோயிலுக்குங்களா?” என்றார். இல்லை என்றேன். “அருவிக்குங்களா?” அதுவும் இல்லை. “ஒரு பிழையைத் திருத்தப் போகிறேன்.” அவர் சற்று யோசித்து, “மோட்டார் பம்ப்புங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

உண்மையை வாசகர்களிடமாவது சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், கிராமத்து வாசகசாலைகளுக்காக எளிய தமிழில் ஓர் உலக சரித்திரம் எழுதினேன். அதில் எட்டுப் பக்கம், ஐரோப்பாவில் கிறிஸ்தவ ஊர்களுக்கு நடுவே பழங்காலத்தில் வாழ்ந்த யூதர்களைப் பற்றியது. அவர்களுக்கென்று ஒதுக்கிய தெரு, அதற்குப் போட்ட கதவு, நிலம் வாங்கக் கூடாது, கைவினைஞர் சங்கங்களில் சேரக் கூடாது என்ற கட்டுப்பாடுகள், அரசன் ஆதரித்தால் இருப்பு, கைவிட்டால் ஓட்டம். எல்லாம் இருந்தது. கொள்ளைநோய் வந்த ஆண்டுகளில் அவர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்ததாகப் பழி வந்ததும், ஊர் ஊராக அவர்களை எரித்ததும் இருந்தன.

முதலில் நான் எழுதியது: ‘யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்களாம்.’ பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, “என்ன சார், பக்கத்துக்குப் பத்து ‘ஆம்’ வருகிறது. வெற்றிலை மென்றுகொண்டு சொன்ன கதை மாதிரி இருக்கிறதே” என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரே மத்தியானத்தில் புத்தகம் முழுவதிலும் இருந்த ‘ஆம்’களை அடித்தேன். மற்ற இடங்களில் பாதகமில்லை. ஒரு சக்கரவர்த்தி பூட்ஸோடு தூங்கினானாம் என்பது, தூங்கினான் என்று ஆயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை. இந்த இடத்தில் ‘கலந்தார்கள்’ என்று ஆயிற்று.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வாக்குமூலங்கள் எலும்பை முறித்து வாங்கியவை என்பதும், போப்பாண்டவரே அந்தப் பழி பொய் என்று அறிவித்தார் என்பதும், யூதர்களும் அதே நோயில் செத்தார்கள் என்பதும் நான் படித்தவைதான். அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதியும் இருந்தேன். எட்டுப் பக்கத்துக்கு மிஞ்சிற்று, எடுத்துவிட்டேன். அச்சுப் படியைப் படித்துக் கொடுத்த என் மாணவன் குழந்தைவேலு அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறியதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். ரப்பரால் அதை அழித்தவனும் நான்தான்.

அந்தக் குழந்தைவேலு இப்போது கொல்லிமலையில், அரியூர் நாடு என்கிற பகுதியில், பள்ளிக்கூட வாத்தியார். பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி, என் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டியிருக்கிறான். சில மாதங்கள் கழித்து ஊரில் வாந்திபேதி கண்டு ஏழெட்டுப் பேர் போய்விட்டார்கள். மலைக்கு ரோடு போட வந்து ஊற்றுக்கு மேலே பாறை உடைத்துக்கொண்டிருந்த சமவெளிக் குடும்பம் ஒன்றின் மேல் சந்தேகம். ‘வெளியிலிருந்து வந்தவன் தண்ணீரில் விஷம் வைப்பது உலகத்தில் நடந்ததுதான், வாத்தியார் புத்தகத்திலேயே இருக்கிறது’ என்று பேச்சு. அவர்களை ஊற்றில் தண்ணீர் எடுக்கவிடுவதில்லை. மலையை விட்டே இறக்குவதா என்று வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். குழந்தைவேலு எழுதியிருந்தான்: ‘புத்தகம் தப்பு என்று நான் சொன்னால், அச்சடித்தவர்களைவிட நீங்கள் பெரியவரா என்கிறார்கள். எழுதியவரே வந்து சொன்னால்தான் உண்டு.’

பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பியது.

காரவள்ளியிலிருந்து மேலே பஸ் கிடையாது, ரோடே பாதிதான் முடிந்திருந்தது. சிமெண்டு ஏற்றிய லாரி ஒன்று என்னை மூட்டைகளின் மேல் உட்காரவைத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் லாரி ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திரும்பி, பின்னால் வந்து, மறுபடி திரும்பும். பின்னால் வரும்போது சக்கரத்துக்குப் பின்னே ஆகாயம்தான். வளைவுகளை எண்ணத் தொடங்கி, எண்ணுவது பயத்தைக் கூட்டுவதால் விட்டுவிட்டேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, “கீழ பாக்காதீங்க சாமி” என்றார்.

“நீ ரோட்டைப் பார்.”

“ரோடு எங்கீங்க இருக்குது, பாக்கறதுக்கு?”

ரோடு தீர்ந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மூன்று மைல் என்றார்கள். மலைக்காரர்களின் மைல் தனி. எதிரே வந்த ஒருவரிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, “தோ, வந்துருச்சுங்க” என்றார். அதற்குப் பிறகு இரண்டு ஓடை தாண்டினேன். குழந்தைவேலுவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வேட்டி சிமெண்டும் சேறுமாகக் கெட்டிப்பட்டிருந்தது.

மறுநாள் காலையில் சாப்பிடக் குச்சிக்கிழங்கு கொடுத்தான். மரவள்ளியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். மத்தியானம் சாமைச் சோறும் குச்சிக்கிழங்குக் குழம்பும். சாயங்காலம் ஒரு தட்டில் ஏதோ மூடிவைத்துக் கொண்டுவந்தான், ஆவலோடு திறந்தேன். வறுத்த குச்சிக்கிழங்கு. மிளகை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காப்பி என்று கருப்பட்டி போட்டுக் கொடுத்ததைப் பற்றி, அவன் நல்ல பிள்ளை என்பதால், ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் குடும்பத்தைப் பார்க்கக் கூட்டிப்போனான். பாறைச் சரிவில் கோணியும் தகரமும் சேர்த்துக் கட்டிய குடிசை. பெருமாள் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். அவன் மனைவி எல்லம்மாள் குடத்தோடு அப்போதுதான் கீழே பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள். ஊற்று கூப்பிடு தூரத்தில் இருக்க, பள்ளத்துக்கு அரை மணி நடை. தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது.

“நீ என்னப்பா சொன்னாய் அவர்களிடம்?” என்று பெருமாளைக் கேட்டேன்.

“கேட்டாங்க, சொன்னேனுங்க. ஊத்துக்கு மேல நீதான் மருந்து வெச்சியான்னாங்க. ஆமாங்க, நாந்தான் வெச்சேன்னேன்.”

“வெடிமருந்து என்று சொல்லவில்லையா?”

“நாங்க மருந்துன்னுதானுங்க சொல்லுவோம். பாறைக்கு வேற என்ன மருந்து வெப்பாங்க, கசாயமா?”

தலையில் அடித்துக்கொண்டேன். பாறைக்கு வைப்பதும் மருந்து, நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, சோற்றில் வைத்து ஆளைக் கெடுப்பதும் மருந்து. ஐரோப்பாவில் இந்த ஒரு வாக்கியத்தைப் பெறக் கட்டையும் கயிறும் தேவைப்பட்டன. இங்கே இவன் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிட்டு உளி தீட்டிக்கொண்டிருக்கிறான்.

எல்லம்மாள் குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னாள்: “எம்புள்ளையும் அந்தப் பேதியிலதான் போச்சுங்க சாமி. அஞ்சு வயசு. தோ, அந்தப் பலாவுக்குப் பின்னால வெச்சிருக்கோம். கெளம்பு கெளம்புன்னா, அவளை உட்டுட்டு எங்கீங்க போவேன்?”

நான் எடுத்துவிட்ட மூன்றாவது வாக்கியம், யூதர்களும் அதே நோயில் செத்தார்கள் என்பது, எனக்கு நினைவு வந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. நாளைக்குக் கூட்டத்தில் பேசுகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் காலையில் என்றார்கள். காலை என்பது, எல்லோரும் வந்தபிறகு. பதினொரு மணிக்கு, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்தார். கறாரான, அமைதியான மனிதர், தலையில் வெள்ளை உருமால். முப்பது நாற்பது பேர் பாறைகளில் உட்கார்ந்தார்கள். பெருமாளும் எல்லம்மாளும் தள்ளி நின்றார்கள். எனக்கு மட்டும் பள்ளிக்கூடத்து நாற்காலி. ஒரு கால் ஆடியது. கூட்டம் முடியும்வரை ஆடியது.

நான் நேரே தொடங்கினேன். “அந்த வரி பொய். நான்தான் எழுதினேன். ஊர் சொன்னது என்று எழுத வேண்டியதை, நடந்தது என்று எழுதிவிட்டேன்.”

முன்வரிசையில் இருந்த ஒருவர், “பொய்யின்னா அச்சாபீசுல எப்படீங்க உட்டாங்க?” என்றார்.

“அச்சாபீசில் எதைக் கொடுத்தாலும் அடிப்பார்கள்.”

“கலியாணப் பத்திரிகையில பேரு மாத்திப் போட்டதுக்கே நாங்க திருப்பிக் குடுத்தமுங்க” என்றார் அவர். பலரும் தலையாட்டினார்கள்.

பெருமாள் மருந்து வைத்ததைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டேன். ஒரு கிழவியைக் காட்டினார்கள். அவள், “நான் எங்க பாத்தேன் கண்ணு? வெச்சானாம்னு கந்தன் சொன்னான்” என்றாள். கந்தன் எழுந்து, தனக்கு மாமனார் சொன்னதாகச் சொன்னார். மாமனார் சந்தையில் கேட்டாராம். ‘வெச்சானாம்’ என்று புறப்பட்டது எந்த வளைவில் ‘வெச்சான்’ ஆயிற்றோ தெரியவில்லை. அதைக் குறைசொல்லத் தகுதியில்லாத ஒரே ஆள் அங்கே நான்தான்.

குழந்தைவேலு எழுந்தான். “அது பாறைக்கு வைக்கிற வெடிமருந்துங்க. அப்படிப் பார்த்தால் சுகாதார இன்ஸ்பெக்டரும் ஊற்றில் மருந்துதானே போட்டார்? அவரை யாரும் ஒன்றும் கேட்கலையே?”

“அவரு போட்டது வெள்ளை மருந்துங்க வாத்தியாரே. இவன் வெச்சது கருப்பு” என்றார் கந்தன்.

“அவன் பொண்ணும் செத்துதே கந்தா!” என்றாள் கிழவி.

“அளவு தப்பியிருக்கும் ஆயா” என்றார் கந்தன். கோபமில்லாமல், கணக்கு விளக்குகிற மாதிரி சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பெடுத்தவனுக்கு இப்படிப்பட்ட சமயத்தில் வருகிற வியாதி எனக்கும் வந்தது: முழுப் பாடத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த ஜனங்கள் யார், எங்கே இருந்தார்கள், அவர்களும் நோயில் செத்தார்கள், அப்படியும் எரித்தார்கள், எரித்த ஊர்களிலும் நோய் நிற்கவில்லை என்று சொன்னேன். கேட்டார்கள். ஆனால் கொட்டாவியும் விட்டார்கள். இரக்கம் வரவேண்டுமே என்று இன்னும் உள்ளே போனேன். ஆளைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ள அவர்கள் சட்டையில் மஞ்சள் துணி தைத்துக்கொள்ள வேண்டும் என்று பல ஊர்களில் சட்டமே இருந்தது என்றேன்.

ஊர்க்கவுண்டர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “மஞ்சத் துணீங்களா?”

“ஆமாம். கொடுமையைப் பாருங்கள்.”

“தெச்சுக்கிட்டவங்க அந்த ஊர்லயே இருந்தாங்களா? சண்டை சச்சரவு இல்லாம?”

இந்த இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருதரம் பொய் எழுதியதற்குப் பிராயச்சித்தமாக இம்முறை அணுவளவும் பிசகாமல் சொல்ல வேண்டும் என்ற வீறாப்பு. “சில ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அமைதியாகவும் இருந்திருக்கிறார்கள்” என்றேன். அது உண்மை. அதற்குப் பிறகு ஓர் ‘ஆனால்’ வைத்திருந்தேன். அதற்குள் அவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. ஊர்க்கவுண்டர் எழுந்து நின்று சொன்னார். “ஐயா பெரிய படிப்புப் படிச்சவரு. வயசான காலத்துல நம்ம மலைக்கு ஏறி வந்து, எம்பேர்ல தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும். அதனால பெருமாளு எங்கேயும் போக வேண்டாம். ஊத்துல தண்ணி எடுத்துக்கலாம். நம்ம பொம்பளைங்க எடுத்ததுக்கு அப்புறமா எடுத்துக்கட்டும். ஐயா சொன்னாப்பல, கொடத்துக் கழுத்துல ஒரு மஞ்சத் துணி கட்டிக்கட்டும். எந்தக் கொடம் யாருதுன்னு தெரிஞ்சுபோகும், நாளைக்கு ஒருத்தரும் ஒரு பேச்சுப் பேச முடியாது.”

“ஐயோ!” என்று எழுந்தேன். நாற்காலி கவிழ்ந்தது. “நான் அதற்காகவா சொன்னேன்? அது அநியாயம் என்றல்லவா சொன்னேன்!”

“அமைதியா இருந்தாங்கன்னும் சொன்னீங்களே சாமி.”

“அந்தத் துணி அவமானம். அதைக் கட்டினவனைக் கல்லால் அடித்தார்கள்.”

ஊர்க்கவுண்டருக்கு நிஜமாகவே மனசு புண்பட்டது. “ஏனுங்க, மஞ்சள்னா மங்கலமுங்க. கருப்பா கட்டச் சொன்னோம்? நாங்க எதுக்குங்க அடிக்கறோம்? அந்த ஊரு சனம் வேற, நாங்க வேற.”

ஒவ்வொரு ஊரிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொன்னேன். கத்தினேன் என்பதுதான் சரி. கிழவி பக்கத்திலிருந்தவளிடம், “பாவம், வெயில்ல நடந்து வந்தாரு, தலை காஞ்சுபோச்சு” என்றாள். ஒரு சொம்பு மோர் வந்தது. குடித்தேன். அந்த மலையில் எனக்குக் கிடைத்தவற்றில் அதுதான் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெருமாள் இரண்டு கையையும் கூப்பி, “கட்டிக்கறமுங்க சாமி. தண்ணி கெடச்சாப் போதுமுங்க” என்றான். கூட்டம் கலைந்தது. எல்லோரும் என்னிடம் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவர் பலாப்பழம் கொடுத்தனுப்பினார். குழந்தைவேலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமலிருப்பதை நான் முன்பே ஒருதரம், அந்தக் கேள்விக்குறியை அழித்த நாளில், பார்த்திருக்கிறேன்.

“சொல்லப்பா” என்றேன்.

“ஊரை விட்டுத் துரத்தப் போனார்கள் சார். இப்போது துரத்தவில்லை. அதுவரைக்கும் நல்லதுதான்” என்றான். பள்ளிக்கூடக் கதவைத் திறந்து நாற்காலியை உள்ளே வைத்துவிட்டு, “மஞ்சள் துணியைச் சொல்லியிருக்க வேண்டாம்” என்றான்.

அவனிடமிருந்த பிரதியில் அந்த வரியை அடித்து, ஓரத்தில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விட்டுப்போன மூன்று வாக்கியங்களையும் எழுதினேன். மற்றப் பிரதிகள் எந்தெந்த ஊர் வாசகசாலைகளில் இருக்கின்றனவோ, எந்த மாலை வகுப்பில் எவர் வாசித்துக்கொண்டிருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. அத்தனை ஊருக்கும் போக எனக்குக் கால் இல்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். பாதை ஊற்றைத் தாண்டித்தான் போகிறது. ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுத்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லம்மாள் மட்டும் குனிந்து குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. குடத்தின் கழுத்தில் மஞ்சள் துணி. புதிதாக மஞ்சளில் தோய்த்துக் கட்டியிருந்ததால் ஈரம் சொட்டி, குடத்தின் வயிறெல்லாம் மஞ்சள் கோடுகள். போகிற போக்கில் திரும்பிப் பார்த்த ஒரு பெண், “நல்லாக் கட்டியிருக்கறே கண்ணு, தூரத்துலயே தெரியுது” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

“அதை அவிழ்த்துவிடு அம்மா” என்றேன்.

எல்லம்மாள் நிமிர்ந்தாள். “அவுத்துடட்டுங்களா?”

“அவிழ்த்துவிடு. யாராவது கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.”

அவள் முடிச்சில் கைவைத்தாள். பிறகு, “நீங்க இங்கதானுங்களே இருப்பீங்க?” என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. கடை எப்போது திறக்கும் என்று கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவள் முடிச்சிலிருந்து கையை எடுத்து, அதை இன்னும் ஒருமுறை இறுக்கிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். ரோடு தீர்ந்த இடத்துக்கு, கீழே போகும் லாரி எட்டு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்குச் சரியாக வந்தது. முன்சீட்டில் இடம் இருந்தது. ஏறிக்கொண்டேன்.